ஒரு பீச் கிளையை எப்படி நிறுத்துவது? இகெபானா பற்றி ஓர் எளிய விளக்கம்

விடுதி வரவேற்பறையில் ஒரு தட்டில் இரண்டு குச்சிகளும் ஒரு பூவும் நின்றால் அதை இகெபானா என்கிறார்கள். திருமண மேடை அலங்காரத்தில் மூங்கில் தென்பட்டாலும் அதே பெயர். குறைவாக வைப்பதுதான் இகெபானா என்பார் ஒருவர். அது ஒரு தியானம் என்பார் இன்னொருவர். ஜென் மடத்தில் பிறந்தது என்று உறுதியாகச் சொல்வார் மூன்றாமவர். இவற்றில் பலவும் முழுப் பொய்யில்லை என்பதுதான் சிக்கல். அரைகுறை உண்மைகள் சேர்ந்து, இந்தக் கலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிட்டன.

அதைப் புரிந்துகொள்ள எளிய வழி, ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அதில் நடப்பதைக் கவனிப்பது. பிப்ரவரிக் கடைசி வாரத்தில் தோக்கியோவில் நான் சென்ற ஒரு வகுப்பில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு ஒவ்வொருவர் கையிலும் தரப்பட்டது. உள்ளே இருந்தவை இரண்டே வகைதான்: மொட்டு விரியத் தொடங்கிய பீச் கிளைகள் மூன்று, கடுகுச் செடியின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் பூக்களான நானோஹானா ஐந்தாறு தண்டுகள். இந்தக் கட்டுரை அந்தக் கட்டைப் பிரிப்பதிலிருந்து தொடங்குகிறது.

பெயரும் பிறப்பும்

'இகெரு' என்ற ஜப்பானிய வினைக்கு உயிரோடு வைத்தல் என்ற பொருள் உண்டு. 'ஹனா' என்றால் பூ. இரண்டும் சேரும்போது ஹகரம் பகரமாகி 'இகெபானா' ஆகிறது. நிலைமொழியும் வருமொழியும் சேர்கையில் ஓசை திரியும் புணர்ச்சியை இலக்கண வகுப்பில் படித்த நமக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. கவனிக்க வேண்டியது, அலங்காரம் என்ற பொருள் அந்தப் பெயரில் எங்கும் இல்லை என்பதுதான். வெட்டிய பூவை உயிருள்ளதாக நிறுத்துவது என்ற செயலை மட்டுமே அது குறிக்கிறது.

இக்கலையின் மிகப் பழைய மரபான இகெனோபோ, கியோத்தோ நகரின் ரொக்காகுதோ என்ற அறுகோண மண்டபக் கோயிலில் வளர்ந்தது. குளக்கரையில் இருந்த துறவியர் குடில் என்பதே 'இகெனோபோ'வின் பொருள். அங்கிருந்த துறவியர் புத்தருக்குப் படைத்த மலர்களே தொடக்கம். அந்தக் கோயில் தெந்தாய் என்ற பௌத்தப் பிரிவைச் சார்ந்தது; ஜென் வேறொரு பிரிவு. ஆகவே 'ஜென் மடத்தில் பிறந்தது' என்ற கூற்றுக்கு இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். 1462ஆம் ஆண்டில், இகெனோபோ சென்கெய் என்ற துறவி பொற்கலங்களில் பல பத்துக் கிளைகளை நிறுத்திக் காட்டியதையும், அதைக் காணக் கியோத்தோவின் ரசிகர்கள் திரண்டு வந்ததையும் அக்காலத்துத் துறவி ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பல பத்துக் கிளைகள்! குறைவாக வைப்பதே இகெபானா என்பவர்களுக்கு அந்தக் கலங்களே பதில். பதினேழாம் நூற்றாண்டில் முழுமை பெற்ற ரிக்கா என்ற பாணியும் ஒரு மலைக்காட்சியையே கலத்தில் எழுப்பும் அளவுக்குப் பெரியது.

பெண்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் பிற்காலத்தில் வந்ததே. முதல் ஆசான்கள் ஆண்கள். மெய்ஜி காலத்தில் (1868–1912) பெண்கள் பள்ளிகளில் பாடமாக நுழைந்த பிறகுதான் வகுப்பறைகள் பெண்களால் நிறைந்தன.

நாம் கிள்ளி எறியும் காம்பு

பூவோடு நமக்குள்ள பழக்கம் வேறு. மல்லிகையைக் காம்பு குறுகலாகப் பறித்து, நாரில் நெருக்கித் தொடுத்து, முழக்கணக்கில் அளக்கிறோம். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே நார் தெரிந்தால், பூக்காரம்மா கலக்கமாகக் கட்டிவிட்டார் என்று குறைப்படுகிறோம். செடி எந்தத் திசையில் வளர்ந்தது, அந்தப் பூ எந்தக் கிளையில் இருந்தது என்பதெல்லாம் மாலையில் தேவையில்லாத செய்திகள். நிறமும் மணமும் செறிவுமே மாலையின் இலக்கணம்.

இகெபானாவில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கிளையின் கோடுதான் முதலில் வருகிறது. பூ அதன் மேல் நிகழும் ஒன்று. பீச் கிளை நிமிர்ந்து எழுந்து நுனியில் சற்றே வளைந்திருந்தால், அந்த வளைவு வெளிச்சத்தைத் தேடிப் போன வரலாறு. நார் தெரியக் கூடாது என்று நாம் மறைக்கும் அந்த இடைவெளியை அவர்கள் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். இரண்டு கிளைகளுக்கு நடுவே காற்று இருந்தால்தான் ஒவ்வொன்றின் கோடும் கண்ணுக்குத் தெரியும். முழுதாக மலர்ந்த பூவைவிட மொட்டு மிகுந்த கிளை விரும்பப்படுவதற்கும் இதுவே காரணம்: மொட்டும் பாதி மலர்ந்ததும் முழு மலரும் ஒரே கிளையில் இருந்தால், அடுத்த மூன்று நாட்களில் நடக்கப்போவதும் கண்முன்னே நிற்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொல்வதானால், இகெபானா என்பது வெட்டிய கிளையை அது வளர்ந்த விதம் தெரியுமாறு உயிரோடு நிறுத்தும் முயற்சி. எண்ணிக்கை குறைவாக இருப்பது சில பாணிகளின் விளைவே தவிர விதி அல்ல.

எந்த நாட்காட்டியின் பருவம்?

அந்தக் கட்டில் பீச் கிளை ஏன் இருந்தது? மார்ச் 3ஆம் தேதி ஹினாமத்சுரி என்ற பெண்குழந்தைகளின் திருநாள். வீடுகளில் பொம்மைகளைப் படிப்படியாக அடுக்கிவைப்பார்கள். நம் நவராத்திரிக் கொலுவை நினைவூட்டும் காட்சி அது. அன்றைக்குரிய மலர் பீச். இதேபோல் புத்தாண்டுக்குப் பைனும் மூங்கிலும் உமே என்ற பூமரக் கிளையும், மே 5க்கு ஐரிஸ், ஜூலை 7க்கு மூங்கில் தழை, செப்டம்பர் 9க்குச் செவ்வந்தி என்று பழைய திருநாட்களுக்கு மலர்கள் உண்டு. முல்லை என்றவுடன் கார்காலமும் மாலைப்பொழுதும் காத்திருத்தலும் சேர்ந்தே மனத்தில் எழும் சங்கப் பாடல் வாசகருக்கு, ஒரு செடி ஒரு பொழுதின் பெயராக மாறுவது புதிதல்ல.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பருவ மலரை வைப்பதென்றால் இன்று தோட்டத்தில் பூத்திருப்பதை வைப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மார்ச் 3ஆம் தேதி தோக்கியோவில் எந்தப் பீச் மரமும் பொதுவாகப் பூத்திருக்காது. அது பூப்பது மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும்தான். திருநாள் ஏன் பூவை முந்திக்கொண்டது?

காரணம் அரசாணை. ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல் சூரிய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முன் திருநாட்கள் சந்திர மாதத்தை ஒட்டி வந்தன. மூன்றாம் மாதத்து மூன்றாம் நாள் என்பது பெரும்பாலும் இன்றைய ஏப்ரலை ஒட்டி விழுந்தது, மரமும் பூத்திருந்தது. மாற்றத்துக்குப் பின் 'மூன்றாம் மாதம், மூன்றாம் நாள்' என்ற எண்கள் மட்டும் அப்படியே புதிய நாட்காட்டிக்குக் குடிபெயர்ந்தன, மரம் குடிபெயரவில்லை. எனவே விவசாயிகள் மொட்டுக் கிளைகளை முன்கூட்டியே வெட்டி, வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் வைத்து மலரச் செய்கிறார்கள். குளிர்காலத்தின் குளிரை ஏற்கெனவே வாங்கி உறக்கம் கலையக் காத்திருக்கும் மொட்டு, வெப்பம் கிடைத்தவுடன் வசந்தம் வந்துவிட்டதென்று விரிகிறது. செப்டம்பர் 9இன் செவ்வந்தியையும் தேதி இப்படியே முந்திக்கொண்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டை 24 பகுதிகளாகவும், ஒவ்வொன்றையும் மூன்றாகவும் பிரித்து, ஏறத்தாழ ஐந்தைந்து நாட்கள் கொண்ட 72 சிறுபொழுதுகளாகக் காணும் பழைய முறை அது. சீனாவில் தோன்றி ஜப்பானின் தட்பவெப்பத்துக்கேற்பத் திருத்தப்பட்டது. அதில் மார்ச் நடுவில் வரும் ஒரு பொழுதின் பெயர் 'பீச் முதன்முதலாக மலர்கிறது' என்பது. அங்கே மலர்தலுக்கு எழுதப்படும் எழுத்து, சிரிப்புக்கான எழுத்து. பூ சிரிக்கிறது என்று நாமும் சொல்வதால் எனக்கு அந்தப் பெயர் உடனே மனத்தில் தங்கிவிட்டது.

ஆகவே வகுப்பில் 'பருவம்' என்பது மூன்று கடிகாரங்களுக்கு நடுவே நடக்கும் பேரம்: திருநாளின் தேதி, மரத்தின் உடல், விவசாயியின் சூடான அறை. பொதுவாக, பருவத்தைச் சற்றே முந்துவது அழகு என்றும், கடந்துபோன பூவை வைப்பது பிந்திய செய்தி என்றும் கருதுகிறார்கள்.

எல்லாப் பள்ளிகளும் பருவத்துக்கு இவ்வளவு கட்டுப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1927இல் தெஷிகஹாரா சோஃபு தொடங்கிய சொகெத்சு பள்ளி, யாரும், எங்கும், எப்போதும், எந்தப் பொருளைக் கொண்டும் செய்யலாம் என்கிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும்கூட அங்கே விலக்கல்ல. அந்தப் பள்ளியிலும் தொடக்க மாணவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வாரத்துக் கிளைதான்.

தண்ணீருக்குள் வெட்டுவது ஏன்?

கட்டைப் பிரித்தவுடன் செய்யும் முதல் வேலை, ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் தண்டின் அடியை அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிடுவது. இதற்கு மிசுகிரி என்று பெயர். நீரில் வெட்டுதல் என்பதே பொருள். சடங்கு போலத் தோன்றினாலும் இதன் பின்னால் இருப்பது தாவர இயற்பியல்.

உறிஞ்சுகுழாயில் பழச்சாறு குடிக்கும்போது, குழாயின் அடி ஒரு நொடி சாற்றுக்கு வெளியே வந்தால் என்ன ஆகும்? காற்று ஏறிக்கொள்ளும், மறுபடி அமிழ்த்தினாலும் குழாய்க்குள் ஒரு குமிழி நிற்கும். செடியிலும் இதுதான். இலைகளின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறுவதை நீராவிப்போக்கு என்கிறோம். அப்படி வெளியேறும் நீர், சைலம் எனப்படும் மயிரிழைக் குழாய்களில் உள்ள நீரை மேல்நோக்கி இழுத்தபடி இருக்கிறது. அந்த நீர்க்கம்பம் எப்போதும் இழுபட்ட நிலையில்தான் நிற்கிறது. காற்றில் தண்டை வெட்டினால், இழுபட்ட நீர் சட்டென்று உள்வாங்க, வெட்டுவாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். பழச்சாற்றுக் குழாயிலாவது நாம் வலிந்து உறிஞ்சிக் குமிழியை வெளியேற்றலாம். அத்தனை நுண்ணிய குழாயில் அடைத்த காற்றை இலையால் எளிதில் இழுத்தெடுக்க முடிவதில்லை. தண்ணீருக்குள் மறுபடி வெட்டும்போது காற்றடைத்த பகுதி கழிந்து, புதிய வாயில் காற்றுக்குப் பதில் நீர் நுழைகிறது.

மரம்போல் கெட்டியான கிளைகளுக்கு அடியில் பிளந்தோ நசுக்கியோ விடுவதும், சில செடிகளுக்கு வெட்டுவாயைச் சுடுவதும், வெந்நீரில் நனைப்பதும், ஹைட்ராஞ்சியாவுக்குப் படிகாரம் தேய்ப்பதும் இதே நோக்கத்துக்கான வேறு வழிகள். அவற்றின் விவரம் தொடக்கநிலையில் தேவையில்லை.

எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. ஆசிரியர் இலைகளைக் கிள்ளி நீக்கும்போது, கோடு தெளிவாகத் தெரிவதற்காகச் செய்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இலை குறைந்தால் நீராவிப்போக்கும் குறையும், பூ நீடிக்கும். கண்ணுக்கு வேண்டியதும் செடிக்கு வேண்டியதும் ஒரே கத்தரிப்பில் முடிகின்றன.

மூன்று கிளைகள், ஒரு பெருக்கல் கணக்கு

இப்போது நிறுத்த வேண்டும். தொடக்க மாணவர்களுக்குத் தரப்படுவது சுய்பான் என்ற அகன்ற, ஆழமில்லாத தட்டுக்கலம். அதன் அடியில் கென்சான் இருக்கும்: கனமான ஈயக் கட்டியில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும் ஒரு தாங்கி. தட்டுக்கலத்தில் பூவைக் குவித்து நிறுத்தும் இந்தப் பாணிக்கு மொரிபானா என்று பெயர். மேலைநாட்டுப் பூக்கள் ஜப்பானுக்கு வரத் தொடங்கிய பின், குட்டைத் தண்டுகளையும் கையாள ஏற்ற முறையாக இதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹாரா உன்ஷின் உருவாக்கினார்.

கிளைகளின் அளவைக் கண்மதிப்பில் விடுவதில்லை. சொகெத்சு பள்ளியின் அடிப்படைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதன்மைக் கிளைக்கு ஷின் என்று பெயர். கலத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் அதன் நீளம் கிடைக்கும். இரண்டாவது கிளையான சோயே, ஷின்னில் முக்கால். மூன்றாவதான ஹிகாயே, சோயேயில் முக்கால். என் முன் இருந்த கலம் 30 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் கொண்டது. கூட்டினால் 36, ஷின் 54 செ.மீ., சோயே ஏறத்தாழ 40, ஹிகாயே 30. ஷின்னும் சோயேயும் பீச், ஹிகாயே நானோஹானா.

நீளத்தைப் போலவே சாய்வுக்கும் கணக்குண்டு. நிமிர்ந்த அடிப்படை வடிவத்தில், செங்குத்துக் கோட்டிலிருந்து ஷின் 10 முதல் 15 பாகை, சோயே 45, ஹிகாயே 75 பாகை சாய வேண்டும். மூன்றுமே சற்றுப் பார்ப்பவரை நோக்கி முன்சாயும். அதாவது ஒன்று ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது, ஒன்று பாதி சாய்கிறது, ஒன்று ஏறக்குறையப் படுக்கிறது. மூன்று நுனிகளையும் கோட்டால் இணைத்தால் பக்கங்கள் மூன்றும் சமமில்லாத முக்கோணம் வரும். சமபக்க முக்கோணத்தில் கண் எங்கும் போக வேண்டிய தேவை இல்லை, அது அங்கேயே நின்றுவிடும். சமமில்லாததில் நீண்ட பக்கத்தை ஒட்டிப் போய் குறுகிய பக்கத்தில் திரும்புகிறது. கென்சானைக் கலத்தின் நடுவில் வைக்காமல் ஒரு மூலைக்குத் தள்ளுவதும் இதற்காகவே. மீதிப் பரப்பில் வெறும் நீர் தெரியும்.

மரம்போல் கெட்டியான கிளையின் அடியைச் சரிவாக வெட்டி, கென்சானில் முதலில் நேராக ஊன்றி, ஊசி பிடித்த பிறகுதான் சாய்க்க வேண்டும். எடுத்தவுடனே சாய்த்துச் செருகினால் ஊசி கிளையைப் பிடிக்காது. 45 பாகைக் கிளை நீளமாக இருந்தால் கென்சானே கவிழும். அப்போது எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கென்சானைத் தலைகீழாக மாட்டி எடை சேர்ப்பார்கள். ஏற்றக் கிணற்றுத் துலாவின் ஒரு முனையில் கல் கட்டுவதே இங்கும் நடக்கிறது.

சுருக்கமாக: கலத்தின் அளவு முதல் கிளையைத் தீர்மானிக்கிறது, முதல் கிளை மற்ற இரண்டையும் தீர்மானிக்கிறது. மீதியுள்ள தண்டுகள் துணைக்கு நிற்பவை. மூன்றின் இடைவெளிகளைக் கெடுக்காமல் ஆழம் சேர்ப்பதும் கென்சானை மறைப்பதும் அவற்றின் வேலை.

ஆசிரியர் கிளையைத் திருப்புகிறார்

பாகைமானி வைத்து அளந்ததைப் போல மூன்றையும் நிறுத்திவிட்டு, முடித்துவிட்டேன் என்று எழுந்து நின்றேன். ஆசிரியர் வந்தார், சற்று நேரம் பார்த்தார், என் ஷின்னை ஊசியிலிருந்து உருவி, நீளத்தையும் சாய்வையும் மாற்றாமல், அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி ஊன்றினார். அவ்வளவுதான். கணக்கில் எதுவும் மாறவில்லை. ஆனால் அதுவரை கம்பியைப் போல் நின்றிருந்த கிளை, தரையிலிருந்து எழுந்ததைப் போல் ஆகிவிட்டது.

காரணத்தைத் தோலில் காட்டினார். பீச்சின் இளங்கிளை ஒரே நிறமல்ல. வெயில் பட்ட பக்கம் செம்மையோடி இருக்கும், நிழல் பக்கம் பச்சையாகவே இருக்கும். இகெபானாவில் வெயில் முகத்தை ஹியோமொத்தே என்றும் நிழல் முகத்தை ஹியுரா என்றும் சொல்கிறார்கள். நான் நிழல் முகத்தை முன்னால் வைத்திருந்தேன். வெயில் மேலிருந்து வரும் என்றால் செம்மை மேலேயும் முன்னாலும் தெரிய வேண்டும். என் கிளையில் வெயில் கீழிருந்து வந்திருந்தது. கணக்கு எதற்கு, கண் எதற்கு என்ற கேள்விக்கு அந்த அரைச் சுற்றைவிட நல்ல விளக்கத்தை நான் பிறகு பெறவில்லை. அளவுகள் தொடக்கக்காரரின் கையைக் காப்பாற்றுகின்றன. எந்த 54 சென்டிமீட்டரை எடுப்பது, எந்த முகத்தைக் காட்டுவது என்பதை மரம்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் மறுபடியும்

வகுப்பில் நிறுத்தியதை அங்கேயே விட்டுவருவதில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கழற்றி, அதே செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போய், நினைவிலிருந்து மறுபடி நிறுத்த வேண்டும். பாடத்தின் பாதி இதுதான் என்பது என் கருத்து. முதல் தடவை செய்தது ஆசிரியரின் கை, இரண்டாம் தடவைதான் நம் கை.

வழியில் காற்று புகுந்திருக்கும் என்பதால் தண்ணீருக்குள் மறுபடி வெட்ட வேண்டும். ஊசி குத்திய அடியும் நைந்திருக்கும். இப்படி 54 செ.மீ. இருந்த ஷின் வீட்டில் 48 ஆகிவிட்டது. ஒன்றரையால் வகுத்தால் 32. ஆகவே அகலமும் உயரமும் சேர்த்து 32 செ.மீ. வரும் கலம் வேண்டும். சமையலறையில் தேடி, 27 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பீங்கான் தட்டைக் கண்டுபிடித்தேன். வகுப்பில் கலம் கிளையை அளந்தது, வீட்டில் கிளை கலத்தை அளந்தது.

நானோஹானாவை 75 பாகைக்குப் படுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். வெட்டிய பிறகும் அதன் நுனி வளர்வதையும் வெளிச்சத்தை நோக்கித் திரும்புவதையும் நிறுத்துவதில்லை. காலையில் பார்த்தபோது, தண்டின் அடி நான் வைத்த சாய்விலேயே இருந்தது; மஞ்சள் நுனிகள் மட்டும் சன்னல் பக்கம் நிமிர்ந்திருந்தன.